குளிர்காலப் பழ சாலட்: காலையில் நறுக்கி இரவில் பரிமாற என்ன வழி?

பனிக்காலம்:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு இரவு விருந்து. பெரியவர்கள் 10 பேர், குழந்தைகள் 2 பேர். சாப்பாட்டுக்குப் பிறகு கனமான இனிப்பு வேண்டாம், பழ சாலட் மட்டும் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கஸ்டர்டு, டப்பாப் பழம் எதுவும் சேர்க்கப் போவதில்லை. பழம் பழமாகவே இருக்க வேண்டும்.

கோடையில் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். பீச், முலாம்பழம், பெர்ரி என்று எதை வெட்டிப் போட்டாலும் சாறும் இனிப்பும் தானாக வந்துவிடும். இப்போது கிடைப்பது ஆரஞ்சு வகைகள், கிரேப்ஃப்ரூட், ஆப்பிள், பேரிக்காய், மாதுளை, கிவி, பெர்சிமன், திராட்சை. ஒன்று புளிக்கிறது, ஒன்று கசக்கிறது, ஒன்று கல்லாக இருக்கிறது. இவற்றை ஒரே கிண்ணத்தில் எப்படிச் சேர்ப்பது?

மாலையில் அடுப்பு வேலை இருப்பதால் பழத்தைக் காலையிலேயே நறுக்கியாக வேண்டும். அப்படிச் செய்தால் இரவுக்குள் ஆப்பிள் கறுத்துவிடுகிறது, அடியில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது, எல்லாத் துண்டும் ஒரே ருசிக்கு வந்துவிடுகிறது. எதை முன்னால் நறுக்கலாம், எதைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சுளை:

குளிர்கால சாலட்டுக்கு அடித்தளம் ஆரஞ்சு வகைகள்தான். இதை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பொதுவாக எல்லோரும் ஆப்பிளைக் கிண்ணம் நிறைய நறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் ஆரஞ்சைத் தூவுகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள்: மொத்தப் பழத்தில் பாதி ஆரஞ்சு, மாண்டரின் (கமலா ஆரஞ்சு) சுளைகளாக இருக்கட்டும்.

ஏன் என்றால், பறித்த பிறகு ஆரஞ்சு இனிக்காது. மரத்திலேயே பழுத்து முடிய வேண்டிய பழம் அது. அதனால் பருவத்தில் வரும் ஆரஞ்சுக்கும் பருவம் தப்பி வருவதற்கும் உள்ள வித்தியாசம் நாக்கில் அப்பட்டமாகத் தெரியும். குளிர்காலம் அதன் உச்சம். ஆப்பிளும் கிவியும் இலையுதிர் காலத்தில் பறித்துக் குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டு வருபவை. அவை நல்ல பழங்கள்தான். ஆனால் இந்தப் பருவத்துக்கே உரிய வாசனையும் சாறும் ஆரஞ்சில்தான் இருக்கிறது. அந்தச் சாறே சாலட்டுக்குத் தேவையான ஈரமும் புளிப்பும் ஆகிவிடும். தனியாகப் பாகு காய்ச்ச வேண்டியதில்லை.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், கையில் எடுத்துக் கனம் பாருங்கள். தோலின் ஆரஞ்சு நிறம் குளிர்ந்த இரவுகளால் வருவது. பச்சை படர்ந்த தோலுக்குள்ளும் நன்றாகப் பழுத்த சுளை இருக்கலாம். பழத்தின் அளவுக்கு மீறிக் கனத்தால் சாறு இருக்கிறது என்று அர்த்தம்.

முடிந்தால் இரண்டு மூன்று வகை கலந்து வாங்குங்கள். நேவல் ஆரஞ்சில் விதை கிடையாது, சுளை பெரிது. மாண்டரின் இனிப்புக்கு. ரத்த ஆரஞ்சு கிடைத்தால் விடாதீர்கள். அதன் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி, அது உருவாகக் குளிர்ந்த இரவு வேண்டும். சிசிலியில் எட்னா எரிமலையைச் சுற்றி அது அவ்வளவு நன்றாக விளைவதற்குக் காரணம் அங்கே பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான். மோரோ, டரோக்கோ, சாங்குவினெல்லோ என்று மூன்று முக்கிய வகைகள். மோரோ கருஞ்சிவப்பு, டரோக்கோ சிவப்பில் குறைவு, இனிப்பில் அதிகம்.

சுளை எடுக்கும் முறையில்தான் பாதி ருசி. கையால் உரித்த சுளையை அப்படியே போட்டால் மேலே இருக்கும் சவ்வு இரவுக்குள் வறண்டு தோல்போல ஆகிவிடும். அதனால் பழத்தின் மேலும் கீழும் வட்டமாகச் சீவித் தட்டையாக நிற்க வையுங்கள். கூர்மையான சின்னக் கத்தியால் பழத்தின் வளைவோடு மேலிருந்து கீழாகத் தோலை இறக்குங்கள், வெள்ளைப் பகுதி ஒட்டாமல் போக வேண்டும். பிறகு பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சவ்வை ஒட்டியும் இருபக்கம் கீறினால் சுளை தனியாக வந்துவிடும். கீழே கிண்ணம் இருக்கட்டும், சாறு வீணாகாது. முடிவில் கையில் மிஞ்சும் சவ்வுக் கொத்தையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிழிந்தாலே நிறையச் சாறு வரும்.

கத்தி கூராக இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மழுங்கிய கத்தி சுளையை நசுக்கும், நசுங்கிய சுளை சாற்றை விட்டுவிடும், உங்கள் கிண்ணத்தின் அடியில் நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருவதுதான்.

அளவு: ஆளுக்கு 150 கிராம் நறுக்கிய பழம் போதும். 12 பேருக்கு 1.8 கிலோ. அதில் பாதி, அதாவது 900 கிராம், சுளைகள். 200 கிராம் எடையுள்ள ஓர் ஆரஞ்சில் தோலும் சவ்வும் போகப் பாதிதான் தேறும் என்று வைத்துக்கொண்டால் 9 பழம். சாற்றுக்கு இன்னும் 2 சேர்த்து வாங்குங்கள்.

கறுக்முறுக்:

சுளை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிக்க எதுவும் இல்லாத சாலட்டை ஸ்பூனால் குடிக்கத்தான் முடியும். ஆப்பிள் அவசியம். கிரானி ஸ்மித், பிங்க் லேடி மாதிரி புளிப்பும் இனிப்பும் கலந்த கெட்டியான வகையாக இருக்க வேண்டும். மாவாக இருக்கும் ஆப்பிளைப் போட்டால் காலை நறுக்கியது இரவில் பஞ்சாகிவிடும்.

சுளை:

ஆப்பிளே வேண்டாம் என்று சொல்லவில்லை. 300 கிராம் போதும் என்கிறேன். கறுக்காமல் வைக்கத் தெரிந்தவர்கள் யாராவது விவரமாக எழுதுங்கள், என் கவனம் எல்லாம் சுளையில்.

அடுக்களைவாசி:

ஆப்பிள் கறுப்பதற்கான காரணம் தெரிந்தால் வழியும் தெரிந்துவிடும். நறுக்கும்போது செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஃபீனால் பொருட்களும் சேர்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜன் கிடைத்ததும் பழுப்பு நிறம் உருவாகிறது. ஆகவே நொதியை மந்தமாக்க வேண்டும், அல்லது காற்றைத் தடுக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு எல்லோருக்கும் தெரிந்தது. அதன் அமிலமும் வைட்டமின் சி-யும் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் பல மணி நேரம் தாங்கும் அளவுக்கு ஊற்றினால் ஆப்பிள் வெறும் எலுமிச்சையாகத்தான் ருசிக்கும்.

உப்புத் தண்ணீர் இதைவிட நல்லது. ஒரு கப் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு என்ற கணக்கில் கரைத்து, துண்டுகளை 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி வடித்துவிடுங்கள். உப்பு ருசி தெரியாது.

என் விருப்பம் தேன் தண்ணீர். ஒரு கப் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி தேன் கலந்து, துண்டுகளை அரை நிமிடம் முக்கி எடுத்தால் போதும். தேனில் உள்ள ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. இனிப்பு லேசாக ஏறும், அது ஆப்பிளுக்கு நன்றாகவே பொருந்தும்.

எந்தத் தண்ணீரில் போட்டாலும் ஆப்பிள் மிதக்கும். அதன் கனஅளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்றுதான். மிதக்கும் துண்டின் மேற்பக்கம் மட்டும் கறுத்து நிற்கும், எனவே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள்.

பேரிக்காய்க்கும் இதே முறைதான்.

பனிக்காலம்:

மிக்க நன்றி சுளை, அடுக்களைவாசி. தேன் தண்ணீர் முறை எனக்குப் புதிது. குழந்தைகளில் ஒருவனுக்கு 3 வயது, இன்னொருத்திக்கு 10 மாதம். பெரியவனுக்குத் தருவதையே மசித்து அவளுக்கும் கொஞ்சம் தரலாம் இல்லையா?

மருந்துப்பெட்டி:

10 மாதக் குழந்தைக்குத் தேன் பட்ட எதையும் தர வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை தேன் கூடவே கூடாது. தேனில் சில நேரம் தசைகளை முடக்கும் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கும். வளர்ந்தவர்களின் குடல் அதைத் தாங்கிக்கொள்ளும், சிசுவின் குடலால் முடியாது. முக்கி எடுத்தாலும் அதே கணக்குதான். நீங்கள் உப்புத் தண்ணீர் முறையிலேயே போங்கள், அல்லது அவளுக்கு மட்டும் ஒரு துண்டு பேரிக்காயைத் தனியாக எடுத்து, மென்மையாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

3 வயதுப் பையனுக்குத் திராட்சையை முழுதாகத் தராதீர்கள். குறுக்காக இரண்டாக வெட்டுவதும் போதாது, வட்டமாகவே இருக்கும், தொண்டையை அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். கெட்டியான ஆப்பிளை மெல்லிய சீவல்களாக்குங்கள். சாலட்டின் மேல் பருப்பு தூவும் எண்ணம் இருந்தால் அவனுடைய கிண்ணத்தில் தூவ வேண்டாம்.

அடுத்தது கிரேப்ஃப்ரூட். உங்கள் பட்டியலில் அதைப் பார்த்ததும் எழுத வந்தேன். விருந்தாளிகளில் யாராவது தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களா?

பனிக்காலம்:

ஆமாம். இரண்டு பேர் ரத்த அழுத்தத்துக்கும் ஒருவர் கொழுப்பைக் குறைக்கவும் சாப்பிடுகிறார்கள். மாத்திரைப் பெயர் தெரியாது.

மருந்துப்பெட்டி:

அப்படியென்றால் பொதுக் கிண்ணத்தில் கிரேப்ஃப்ரூட் வேண்டாம்.

நம் குடலின் சுவரில் சில மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது, CYP என்று தொடங்கும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்தின் அளவை நிர்ணயிக்கும்போதே இந்தச் சிதைவையும் கணக்கில் எடுத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டில் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருட்கள் அந்த நொதியை முடக்கிவிடும். விளைவாக, சாப்பிட்ட அதே மாத்திரை ரத்தத்தில் பல மடங்கு ஏறலாம். சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகள், ஃபெலோடிபின், நிஃபெடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இதில் வரும். ஒரு முழுப் பழமோ ஒரு டம்ளர் சாறோ போதும். பாதிப்பு ஒரு நாளையும் தாண்டி நிற்பதால், காலையில் மாத்திரை, இரவில் பழம் என்று பிரிப்பதும் உதவாது.

இது வெளியே வந்த விதம் எதிர்பாராதது. ஃபெலோடிபின் மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தவர்கள், மதுவின் ருசியை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தார்கள். ரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவுக்கு ஏறியிருந்தது. 1989-ல் அந்த ஆய்வு வெளியானது.

பம்பளிமாசும், மர்மலேடுக்குப் பயன்படும் கசப்பு ஆரஞ்சும் இதே வேலையைச் செய்யும். சாதாரண இனிப்பு ஆரஞ்சு, மாண்டரின், ரத்த ஆரஞ்சு பற்றி இந்தக் கவலை இல்லை.

நட்சத்திரப் பழம் கண்ணில் பட்டு அலங்காரத்துக்கு வாங்கத் தோன்றினால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு அது நரம்பைப் பாதிக்கும் நஞ்சு, கொஞ்சமும் கூடாது.

கறுக்முறுக்:

இதை விருந்துக்கு முன்பே சொன்னீர்களே, நல்லது.

சுளை:

கிரேப்ஃப்ரூட்டை விடுவது எனக்கு வருத்தம்தான். அந்தக் கசப்பு இல்லாமல் இனிப்பு தட்டையாகிவிடும். மருந்துப்பெட்டி சொல்வதை மீறக் கூடாது என்பதால் அந்த இடத்தை வேறு எதனாலாவது நிரப்ப வேண்டும். ஆரஞ்சுத் தோல் துருவல் அதற்குச் சரியாக இருக்கும். வாசனை எண்ணெய் முழுவதும் தோலின் நிறமுள்ள மேல்பகுதியில் இருக்கிறது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரையில் ஒரு பழத்தின் தோலைத் துருவிப் போட்டு விரலால் நன்றாகத் தேய்த்தால் சர்க்கரை ஈரமாகி வாசனை ஏறும். வெள்ளைப் பகுதி துருவலில் வந்தால் வெறும் கசப்பு, ஆகவே லேசான கையோடு துருவுங்கள். தோலின்மேல் மெழுகு பூசியிருப்பார்கள். துருவப் போகும் பழத்தை வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். துருவிய பிறகுதான் உரிக்க வேண்டும், உரித்த தோலைத் துருவுவது பெரும்பாடு.

மருந்து எதுவும் சாப்பிடாதவர்களுக்கு மட்டும் செய்யும் நாளில் கிரேப்ஃப்ரூட் போடுங்கள். சுளைகளின்மேல் ஒரு சிட்டிகை உப்பு தூவினால் கசப்பு அடங்கி உள்ளே இருக்கும் இனிப்பு வெளியே வரும். சர்க்கரையால் முடியாததை உப்பு செய்யும்.

இனிப்புவேண்டாம்:

சர்க்கரை எதற்கு என்பதே என் கேள்வி. இத்தனை பழம் இருக்கிறது. இரண்டு டீஸ்பூன்கூட அதிகம். பழத்தின் இனிப்பை ரசிக்கத் தெரியாமல்தான் சர்க்கரை போடுகிறோம்.

அடுக்களைவாசி:

12 பேருக்கு இரண்டு டீஸ்பூன் என்பது வாசனையைக் கடத்தும் ஊடகம், இனிப்புக்காக அல்ல. அதைவிட முக்கியம் எப்போது போடுகிறோம் என்பது. பனிக்காலம் கேட்ட தண்ணீர்ப் பிரச்சினைக்கு விடையே அங்கேதான் இருக்கிறது. சர்க்கரையோ உப்போ வெட்டிய பழத்தின்மேல் பட்டதும் சவ்வூடுபரவலால் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். காலையில் தூவினால் மாலைக்குள் ஆப்பிள் துவண்டு, அடியில் இனிப்புத் தண்ணீர் நிற்கும். பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தூவினால் துண்டுகளின்மேல் பளபளப்பாகக் கொஞ்சம் சாறு படரும், அவ்வளவுதான்.

வடக்குச்சாளரம்:

சர்க்கரையை முன்கூட்டியே போட வேண்டிய பழம் ஒன்று உண்டு: சமைக்காத க்ரான்பெர்ரி. அப்படியே கடித்தால் வாயைச் சுண்டி இழுக்கும் புளிப்பு. ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கி, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் கலந்து முதல் நாள் இரவே குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் புளிப்பு தணிந்து மாணிக்க நிறத்தில் சாறு இறங்கியிருக்கும். அதை ஒரு கைப்பிடி மட்டும் சாலட்டில் சேர்க்கலாம். கிரேப்ஃப்ரூட் இல்லாத குறையும் தீரும்.

சுளை:

அருமையான யோசனை வடக்குச்சாளரம். கசப்பு போன இடத்தில் கூர்மையான புளிப்பு. பனிக்காலம், க்ரான்பெர்ரி கிடைத்தால் இதைச் செய்யுங்கள்.

பனிக்காலம்:

கிடைக்கும். செய்கிறேன். பெர்சிமன் பற்றி யாராவது சொல்லுங்களேன். சிலர் அமிர்தம் என்கிறார்கள், சிலர் நாக்கு தடித்துப்போய்விடும் என்கிறார்கள்.

பழுத்தபின்:

இருவர் சொல்வதும் உண்மை, இரண்டு வகை பெர்சிமன் இருப்பதால். தக்காளிபோல் தட்டையாக இருப்பது ஃபுயு. கெட்டியாக இருக்கும்போதே ஆப்பிள் மாதிரி கடித்துச் சாப்பிடலாம், தோலைச் சீவித் துண்டுகளாக்கினால் சாலட்டுக்கு நேராகப் போகும். கறுக்கவும் செய்யாது, காலையிலேயே நறுக்கலாம். அடி கூம்பி நீளமாக இருப்பது ஹச்சியா. அதில் கரையும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. பழுக்காமல் வாயில் வைத்தால் நாக்கிலும் உதட்டிலும் இருக்கும் எச்சிலின் புரதத்தோடு அந்த டானின் ஒட்டிக்கொண்டு எல்லாம் வறண்டுபோகும். தோலுக்குள் கூழாகத் தளும்பும் அளவுக்கு அது கனிய வேண்டும். ஆப்பிளோ வாழைப்பழமோ சேர்த்துக் காகிதப் பையில் மூடி வைத்தால் அவை விடும் எத்திலீன் வாயு அதைச் சீக்கிரம் கனிய வைக்கும்.

கனிந்த ஹச்சியாவைத் துண்டு போட முடியாது. ஸ்பூனால் வழித்து எடுத்து, ஆரஞ்சுச் சாறோடு கலந்து, சாலட்டின்மேல் ஊற்றும் சாறாகவே பயன்படுத்தலாம். சர்க்கரையே வேண்டியிருக்காது. இனிப்புவேண்டாம் அவர்களுக்கு இது பிடிக்கும்.

பேரிக்காய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மரத்தில் பழுப்பதைவிடப் பறித்த பிறகு பழுத்தால்தான் நன்றாக இருக்கும், அதுவும் உள்ளிருந்து வெளியே. வயிற்றுப் பக்கம் அழுத்திப் பார்த்து மெதுவாக இருக்கிறது என்று வாங்கினால் நடுவில் அழுகியிருக்கும். காம்பை ஒட்டிய கழுத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள், லேசாகக் கொடுத்தால் பதம். சாலட்டுக்கு அதற்கும் ஒரு நாள் முந்திய பதமே மேல், துண்டு உடையாது. உருண்டையான ஆசியப் பேரிக்காய் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை, அது எப்போதும் மொறுமொறுப்பு.

இனிப்புவேண்டாம்:

பெர்சிமன் சாறு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நன்றி பழுத்தபின்.

கறுக்முறுக்:

மாதுளையை யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆப்பிளுக்கு அடுத்து அதுதான். முழு உருண்டையாக இருப்பதைவிடப் பக்கங்கள் கொஞ்சம் தட்டையாகிக் கோணல்கோணலாக இருக்கும் பழம் நல்லது, உள்ளே முத்துகள் நிறைந்து தோலைத் தள்ளியிருக்கிறது என்று பொருள். தலையை மட்டும் வட்டமாகச் சீவி எடுங்கள். உள்ளே வெள்ளைத் தடுப்புகள் தெரியும். அந்தத் தடுப்புகளின் நேரே தோலை மட்டும் கீறிப் பிளந்தால் முத்து ஒன்றுகூட வெட்டுப்படாது. பிளந்த துண்டுகளை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து முத்துகளை உதிர்த்தால் அவை அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மேலே மிதக்கும். சட்டையிலும் தெறிக்காது.

வடித்த முத்துகளைத் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். காலையிலேயே உதிர்த்துத் தனி டப்பாவில் வைக்கலாம், ஆனால் கலப்பது கடைசியில். முன்பே கலந்தால் பேரிக்காய் எல்லாம் இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாக நிற்கும்.

வடக்குச்சாளரம்:

கிவியையும் கடைசியில்தான். கொஞ்சம் தயிரைப் பக்கத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால் கிவியும் தயிரும் ஒன்றாகக் காத்திருக்கக் கூடாது. கிவியில் ஆக்டினிடின் என்ற நொதி இருக்கிறது, புரதத்தைச் சிதைப்பது. பாலிலும் தயிரிலும் பட்டு நேரம் போனால் கசப்பு தட்டும். ஜெலட்டின் ஜெல்லியில் போட்டால் ஜெல்லி உறையவே உறையாது. சமைக்காத அன்னாசியும் அதே வகை, அதன் நொதி ப்ரோமலைன். மஞ்சள் சதைக் கிவியில் ஆக்டினிடின் மிகக் குறைவு.

அடுக்களைவாசி:

கிவியைக் குறைத்துவிடாதீர்கள். 100 கிராம் பச்சைக் கிவியில் ஏறக்குறைய 90 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் 50-ஐ ஒட்டித்தான். தவிர அந்தப் பச்சை நிறம் கிண்ணத்துக்கு வேண்டும்.

பனிக்காலம்:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். நேர வரிசையை மட்டும் யாராவது ஒரே இடத்தில் சொன்னால் உதவியாக இருக்கும். எல்லாவற்றையும் கலந்து வைப்பதா, தனித்தனியாகவா?

சுளை:

தனித்தனியாக. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பழமும் அதன் ருசியோடு கிண்ணத்துக்கு வர வேண்டுமென்றால் கலக்கும் நேரம் பரிமாறும் நேரத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

முதல் நாள் இரவு க்ரான்பெர்ரியை ஊறப்போடுங்கள். அன்று காலையில் எல்லாப் பழத்தையும் உரிப்பதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். சோப்பு வேண்டாம். ஆரஞ்சுச் சுளைகள், மாதுளை முத்துகள், ஃபுயு துண்டுகள், திராட்சை எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில், 4 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். ஆப்பிளும் பேரிக்காயும் உப்புத் தண்ணீரில் ஊறி வடிந்த பிறகு காற்றுப் போகாத டப்பாவில். கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்றால் இந்த இரண்டை மட்டும் மாலைக்குத் தள்ளிவிடுங்கள், இன்னும் நன்றாக இருக்கும்.

சாற்றை மட்டும் காலையில் பிழியாதீர்கள். நேவல் ஆரஞ்சுச் சாறு பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும். பழத்தில் இருக்கும் ருசியற்ற ஒரு பொருள், பிழிந்ததும் அமிலத்தோடு சேர்ந்து லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுவதுதான் காரணம். நான் எடுத்து வைக்கச் சொன்ன சவ்வுக் கொத்து நேவலுடையது என்றால் அதைக் காலையிலேயே பிழிந்து குடித்துவிடுங்கள். சாலட்டுக்கு மாண்டரினையோ மீதி 2 பழத்தையோ பரிமாறும் நேரத்தில் பிழியுங்கள்.

பரிமாற அரை மணி இருக்கும்போது டப்பாக்களை வெளியே எடுங்கள். மிகவும் சில்லென்று இருந்தால் நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. பிறகு ஆரஞ்சுத் தோல் வாசனையேற்றிய சர்க்கரையைச் சுளைகளில் தூவி, ஆப்பிள், பேரிக்காய், பெர்சிமன், திராட்சையைக் கையால் மெதுவாகப் புரட்டுங்கள். கரண்டி சுளையை உடைக்கும். கால் மணி கழித்துக் கிவி, க்ரான்பெர்ரி, அப்புறம் மாதுளை. சுற்றிலும் கொஞ்சம் புதிய சாறு. துளி இஞ்சிச் சாறு சேர்த்தால் இந்தக் குளிருக்கு இதமாக இருக்கும். புதினா இலையைக் கத்தியால் நறுக்காமல் கையால் கிள்ளிப் போடுங்கள், நறுக்கினால் ஓரம் கறுக்கும்.

வாழைப்பழம் யாராவது கேட்டால் அவரவர் கிண்ணத்தில் வெட்டிக் கொடுங்கள்.

மருந்துப்பெட்டி:

கலந்த சாலட் மேசைமேல் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். பேச்சு நீண்டால் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

பனிக்காலம்:

கடைசியாக ஒன்று. மிஞ்சினால்? மறுநாள் அதைச் சாலட்டாகச் சாப்பிட யாருக்கும் மனம் வருவதில்லை.

பழுத்தபின்:

கிவியையும் புதினாவையும் பொறுக்கி எடுத்துத் தனியாகச் சாப்பிட்டுவிடுங்கள். கிவியின் பச்சை சூட்டிலும் புளிப்பிலும் மங்கிப் பழுப்பாகும். மீதியை ஒரு பட்டைத் துண்டோடு சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாறே போதும். ஆப்பிள் மென்மையாகும்போது இறக்கினால் காலை உணவுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும், குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். மாதுளை விதை நறநறவென்று தட்டுப்படுவது பிடிக்காதென்றால் சூடாக இருக்கும்போதே வடிகட்டியில் தேய்த்து எடுத்துவிடுங்கள்.